இடது பக்கம் மட்டும் ஏறாத சூடு: ஒரு டூயல் ஸோன் ஏசியின் நிகழ்வு ஆய்வு

வண்டி ஒன்பது வருடம் ஓடிய டீசல் எஸ்யுவி. 2 லிட்டர் எஞ்சின், ஓட்டம் 1,18,000 கிலோமீட்டர். ஓட்டுபவருக்கும் பக்கத்து இருக்கைக்கும் தனித்தனியாக டிகிரி வைக்கும் டூயல் ஸோன் ஆட்டோ ஏசி உண்டு. வாங்கிய நாள் முதல் நாகர்கோவில், தக்கலை, குளச்சல் சுற்றியே பெரும்பாலும் ஓடியது. தை மாதத்தில் குடும்பத்தோடு கொடைக்கானல் போனபோது குறை வெளியே வந்தது: இரு பக்கமும் 28 வைத்தாலும் வலது பக்க வென்டில் சுடச்சுடக் காற்று, இடது பக்கத்தில் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான்.

ஊர் திரும்பியதும் ஒரு பட்டறையில் இடது பக்க ஃப்ளாப்பை (காற்றைத் திருப்பும் தகடு) அசைக்கும் மோட்டாரை மாற்றினார்கள். குறை அப்படியே நின்றது. அடுத்து கன்ட்ரோல் பேனலை மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அந்தச் செலவுக்கு முன் இன்னொரு முறை பார்க்கலாம் என்ற நிலையில் தொடங்கிய ஆய்வு இது. கடைசியில் கெட்டுப்போயிருந்தது மின்சாரப் பாகம் எதுவும் இல்லை. தண்ணீர்தான்.

ஏசி பெட்டிக்குள் நடப்பது

டூயல் ஸோன் என்றதும் டேஷ்போர்டுக்குள் இரண்டு ஏசி, இரண்டு ஹீட்டர் இருப்பதாக நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. பெரும்பாலான வண்டிகளில் ஒரே புளோயர், ஒரே எவாப்பரேட்டர், ஒரே ஹீட்டர் கோர்தான்; எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் சூடாக ஓடும் சின்ன ரேடியேட்டர் அது. புளோயர் காற்று முழுவதும் முதலில் எவாப்பரேட்டர் வழியாகக் குளிர்ந்து வரும். அதன்பின் பெட்டியின் நடுவே ஒரு தடுப்பு, காற்றை இடம் வலம் என்று பிரிக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு ஃப்ளாப்; அதைத் திருப்ப ஒரு சின்ன மோட்டார். ஃப்ளாப் மூடியிருந்தால் காற்று ஹீட்டர் கோரைத் தொடாமல் குளிர்ந்தபடியே வரும். திறந்தால் கோரைக் கடந்து சூடாகி வரும். இடையில் நின்றால் இரண்டும் கலக்கும். 22 டிகிரி, 26 டிகிரி என்று நாம் வைப்பது இந்தக் கலவையின் அளவைத்தான்.

இதில் இரண்டு விஷயம் இந்த வண்டிக்கு முக்கியம். ஒன்று, கோர் ஒன்றே என்றாலும் அதன் இடது பாதி இடது பயணிக்கும் வலது பாதி ஓட்டுநருக்கும் வேலை செய்கிறது. கோரின் ஒரு பாதி குளிர்ந்து கிடந்தால், இரண்டு ஃப்ளாப்பும் ஒழுங்காகத் திறந்தாலும் ஒரு பக்கம் சூடு வராது. இரண்டாவது, இந்த மாதிரி வண்டிகளில் ஹீட்டர் லைனில் வால்வு கிடையாது. எஞ்சின் ஓடும் நேரமெல்லாம் கூலன்ட் கோருக்குள் ஓடிக்கொண்டே இருக்கும். சூடு தேவைப்படாத ஊரில்கூட, கூலிங் சிஸ்டத்திலேயே மிகக் குறுகலான அந்தக் குழாய்கள் துருவையும் உப்பையும் வருடக்கணக்கில் வடிகட்டிப் பிடித்துக்கொண்டிருக்கும். அடைத்தது தெரியாது. ஏசியை முழுக் குளிரில் ஓட்டும்போது கோருக்குக் காற்றே போவதில்லை.

ஆனால் அறிகுறி முன்பே இருந்திருக்கிறது. ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் கண்ணாடியில் ஆவி படியாமலிருக்க ஏசி ஓடும். ஆட்டோ மோடில் அது காற்றைக் குளிர்வித்து ஈரத்தை எடுத்துவிட்டு, பிறகு கொஞ்சம் சூடு கலந்து அனுப்பும். இந்த வண்டியில் மழைநாளில் இடது இருக்கைக்காரர் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்காருவது வழக்கமாம். எத்தனை டிகிரி கூட்டினாலும் குளிர் குறையவில்லை. அதை 'ஏசி நல்ல கூலிங்' என்று பாராட்டாகவே எடுத்துக்கொண்டிருந்தார்கள். மழைக்கால ஏசியில் ஒரு பக்கத்தை 28, 30 என்று ஏற்றியும் காற்று மாறவில்லை என்றால், அது ஹீட்டர் பக்கத்துக் குறை. கொடைக்கானல்வரை காத்திருக்க வேண்டாம்.

எதையும் கழற்றாமல் எடுத்த அளவுகள்

நாகர்கோவிலில் ஹீட்டரைச் சோதிப்பதில் ஒரு சிக்கல்: வெளிக்காற்றே 29, 30 டிகிரி. கையை வென்டில் வைத்துப் பார்த்தால் ஏமாந்துபோவோம். அதனால் காலையில், நிழலில், குச்சி வைத்த டிஜிட்டல் தெர்மாமீட்டரை வென்டுக்குள் இரண்டு அங்குலம் நுழைத்து அளக்க வேண்டும். காற்று முகத்துக்கு வரும் மோடில் இருக்கட்டும்; சூடு கூட்டினால் ஆட்டோ மோடு காற்றைக் காலுக்கு மாற்றிவிடும். உள்காற்றுச் சுழற்சியை நிறுத்தி, புளோயரை நடு வேகத்தில் வைத்து, எஞ்சின் முழுச் சூடு ஏறியபின் ஐந்து நிமிடம் விட்டு அளந்தால்தான் எண்கள் நம்பகமானவை.

ஏசி அணைத்து, இரு பக்கமும் 'ஹை' வைத்தபோது: வலது ஓரம் 56, வலது நடு 55, இடது நடு 34, இடது ஓரம் 32. வெளிக்காற்று 29. ஸ்கேனரில் கூலன்ட் 88 டிகிரி காட்டியது. எனவே தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டிக்கொண்டு எஞ்சினே சூடேறாமல் இருக்கிறது என்ற சந்தேகம் போயிற்று. அப்படியிருந்தால் இரு பக்கமும் சேர்ந்தே குறைந்திருக்கும்.

அடுத்து ஏசி போட்டு, இரு பக்கமும் 'லோ'. இரண்டிலும் 8 டிகிரி. கேஸ் குறைந்த வண்டியில் எவாப்பரேட்டரின் ஒரு பகுதி மட்டும் குளிர்ந்து, ஒரு பக்கம் 8, மறுபக்கம் 15 என்று வரும். அதுவும் டூயல் ஸோன் கோளாறு போலவே தெரியும். இங்கே இரண்டும் சமம், எவாப்பரேட்டரில் குறையில்லை.

பின் ஏசி ஓடும்போதே 'ஹை'. வலது 46, இடது 15. இந்த 15 என்ற எண்ணை மேலோட்டமாகப் பார்த்தால் ஃப்ளாப் பாதி திறந்து மாட்டிக்கொண்டது போலத் தோன்றும். முதல் பட்டறை மோட்டாரைச் சந்தேகித்தது இதனால்தான் இருக்க வேண்டும்; அந்தச் சந்தேகத்தில் தப்பில்லை. ஃப்ளாப்தான் காரணமா, கோர்தான் காரணமா என்று பிரித்துக்காட்டும் சோதனையைச் செய்யாமல் பாகத்தை மாற்றியதுதான் தப்பு.

அந்தச் சோதனை சுலபம். எஞ்சினை 2,000 ஆர்பிஎம்மில் மூன்று நிமிடம் பிடித்து, வென்டு வெப்பத்தை மறுபடி அளக்க வேண்டும். வாட்டர் பம்ப் வேகமாகச் சுற்றும்போது கோருக்குள் ஓட்டம் கூடும். ஃப்ளாப் மாட்டியிருந்தால் எஞ்சின் வேகத்தால் அந்தப் பக்கம் பெரிதாக மாறாது. ஓட்டம் குறைவுதான் காரணம் என்றால் குளிர்ந்த பக்கம் கொஞ்சமாவது ஏறும். ஏசி அணைத்த நிலையில் இடது ஓரம் 32இலிருந்து 39க்கு ஏறியது. ஐடிலிங்குக்கு விட்டதும் இரண்டு நிமிடத்தில் இறங்கியது.

ஓட்டம் குறைய இரண்டு காரணம் உண்டு: அடைப்பு அல்லது கோருக்குள் மாட்டிய காற்று. காற்று என்றால் ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டுக்குப் பின்னால் தண்ணீர் குடத்திலிருந்து ஊற்றுவதுபோல் களகளச் சத்தம் கேட்கும், கூலன்ட் மட்டமும் குறைந்திருக்கும். சத்தம் இல்லை, மட்டம் சரியாக இருந்தது.

கடைசியாக பானட்டுக்கு அடியில் ஃபயர்வாலுக்குள் (எஞ்சின் அறைக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பு) நுழையும் இரண்டு ஹீட்டர் ஹோஸ். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரைப் பளபளக்கும் அலுமினியக் குழாயில் நேராகக் காட்டினால் 20, 30 டிகிரிகூடக் குறைத்துக் காட்டும். கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒரு சுற்றுச் சுற்றி, டேப் மேல் அளக்க வேண்டும். உள்ளே போகும் குழாய் 86, வெளியே வருவது 51. நல்ல கோரில், நடு புளோயரில், இந்த வித்தியாசம் 10 டிகிரியை ஒட்டி இருக்கும். 20ஐத் தாண்டுவது அபூர்வம். 35 டிகிரி விழுகிறது என்றால் கூலன்ட் கசிவதுபோலத்தான் நகர்கிறது. நுழைவாய்க்கு அருகே உள்ள பகுதியிலேயே சூடு முழுவதையும் கொடுத்துவிட்டு, இடது பாதிக்குப் போகும்போது ஆறிவிடுகிறது.

புது மோட்டாரையும் விட்டுவிடவில்லை. குளோவ் பாக்ஸைக் கழற்றி, லோவிலிருந்து ஹைக்கு மாற்றும்போது ஃப்ளாப்பின் கை முழுக்கத் திரும்புவதைக் கண்ணால் பார்த்தோம். ஸ்கேனரில் ஃபீட்பேக் (மோட்டார் எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்லும் வோல்டேஜ்) 0.6 வோல்டிலிருந்து 4.4 வரை ஒரே சீராக ஏறியது. இரண்டையும் பார்க்க வேண்டும். ஃப்ளாப்பின் தண்டு உடைந்திருந்தால் மோட்டார் தனியாகச் சுற்றி, ஸ்கேனரில் எல்லாம் சரி என்று காட்டும்.

டேங்க் மூடியைத் திறந்தபோது

எஞ்சின் ஆறியபின் கூலன்ட் ஊற்றும் எக்ஸ்பான்ஷன் டேங்கைத் திறந்தால் கட்டன்சாயா நிறம். அடியில் வண்டல். கலவையின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்ததில், கூலன்ட்டின் முக்கியப் பொருளான கிளைக்கால் 12 சதவீதத்தை ஒட்டி இருந்தது. இருக்க வேண்டியது 50. நம்மூரில் கூலன்ட் உறையப்போவதில்லை, அதனால் வெறும் தண்ணீர் போதும் என்ற பேச்சு எல்லா ஒர்க்ஷாப்பிலும் உண்டு. கூலன்ட்டில் உறையாமல் காப்பது ஒரு வேலை மட்டுமே. துருப்பிடிக்காமல் தடுக்கும் ரசாயனமும் அதே புட்டியில்தான் வருகிறது, கொதிநிலையை உயர்த்துவதும் அதுதான்.

தண்ணீர் ஏன் இவ்வளவு சேர்ந்தது என்று தேடியபோது டேங்க் மூடியில் போய் நின்றது. மூடியின் அழுத்த எண் அதன் மேலேயே அச்சாகியிருக்கும், இதில் 1.4 பார். சோதனைப் பம்பில் வைத்தால் 0.6லேயே விட்டுக்கொடுத்தது. ஒவ்வொரு நீண்ட ஓட்டத்திலும் கொஞ்சம் ஆவியாகி வெளியேறியிருக்கிறது. மாதாமாதம் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றப்பட்டிருக்கிறது. வீடு குளச்சல் பக்கம். கடலோரக் கிணற்று நீரில் சுண்ணாம்பும் உப்பும் சேர்ந்தே வரும். சுண்ணாம்பு சூட்டில் படிந்து குழாயைக் குறுக்கும். உப்பிலுள்ள குளோரைடு அலுமினியத்தில் ஊசிக்குத்துப் போலக் குழி தோண்டும். இரும்பு பிளாக் என்றால் துரு வேறு. மூன்றும் சேர்ந்து தங்குவதற்கு ஹீட்டர் கோரைவிட வசதியான இடம் வேறில்லை.

இதே அடைப்பைக் கொண்டுவரும் வேறு சில வழக்கங்களும் உண்டு. ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூள் போடுவது பழைய டிரைவர்களின் கைவைத்தியம். ஒழுகல் நிற்கலாம், கோரும் சேர்ந்து நிற்கும். கடையில் விற்கும் லீக் ஸ்டாப் பொடியும் அதே கதைதான். பச்சைக் கூலன்ட்டோடு சிவப்பைக் கலந்தால் சில சமயம் கூழாகத் திரியும். சில ஐரோப்பிய வண்டிகளில் எக்ஸ்பான்ஷன் டேங்குக்குள் சிலிக்கா உருண்டைகள் நிரப்பிய சின்னப் பை ஒன்று இருக்கும். அது கிழிந்தால் உருண்டைகள் நேராகக் கோருக்குப் போய்விடும். அந்த வண்டிகளில் 'ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்' என்றால் முதலில் அந்தப் பையைத் தேட வேண்டும்.

கோரைக் கழுவிய விதம்

கோரை மாற்றுவது என்றால் பல வண்டிகளில் டேஷ்போர்டு முழுவதும் இறங்க வேண்டும். பெட்டி வெளியே வர ஏசி கேஸையும் இறக்க வேண்டும். ஒரு முழு நாள் வேலைக்கு மேல். அதனால் கழுவிப் பார்ப்பதே முதல் படி. ஒன்பது வருடக் கோரில் அழுக்குதான் சில ஓட்டைகளை அடைத்துக்கொண்டிருக்கலாம், கழுவியபின் ஒழுகலாம் என்பதை உரிமையாளரிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கியாயிற்று. இதைச் சொல்லாமல் வேலையைத் தொடங்கினால் பழி பட்டறை மேல் விழும்.

எஞ்சின் ஆறியபின் ஃபயர்வாலில் இரண்டு ஹோஸையும் கழற்ற வேண்டும். பழைய ரப்பர் குழாயோடு ஒட்டியிருக்கும். இடுக்கியால் முறுக்கி இழுத்தால் கோரின் மெல்லிய குழாய் மடங்கும். ஹோஸை நீளவாக்கில் கீறி எடுத்துவிட்டுப் புது ஹோஸ் போடுவது மலிவு. இரண்டு முனையிலும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் குழாயை மாட்டி, முதலில் ஓட்டத்தை அளந்தோம். மாடித் தொட்டியிலிருந்து வரும் பைப்பில் இணைத்து, 10 லிட்டர் வாளி நிறைய ஆன நேரம்: 4 நிமிடம் 40 விநாடி. கோர் இல்லாமல் நேராகப் பிடித்தால் அதே வாளி 1 நிமிடம் 10 விநாடியில் நிறைந்தது. இந்த வாளிக் கணக்கு இல்லாமல் கழுவினால், போதுமா போதாதா என்று தெரியாது.

பின் வெளிவரும் குழாய் வழியாகத் தண்ணீரை உள்ளே விட்டு, எதிர்த்திசையில் கழுவல். தொட்டித் தண்ணீரின் அழுத்தமே போதும். கம்ப்ரஸர் காற்றை நேராக அடித்தால் கோர் பிளந்துவிடும். முதல் ஐந்து நிமிடம் செங்காவி நிறத்தில் வந்தது, பிறகு செதில் செதிலாக. தெளிந்தபின், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம் சிட்ரிக் ஆசிட் என்ற கணக்கில் ஐந்து லிட்டர் கரைசலை 60 டிகிரிக்குச் சூடாக்கி, சூடு தாங்கும் சின்னப் பம்ப் ஒன்றால் 40 நிமிடம் சுழலவிட்டோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திசை மாற்றம். சுண்ணாம்பு கரையும்போது நுரை எழும், அது அடங்கும்போது வேலை முடிகிறது என்று அர்த்தம். கழிவறை கழுவும் ஆசிட்டையோ காஸ்டிக் சோடாவையோ இதில் ஊற்றிவிடக் கூடாது. இரண்டும் அலுமினியத்தையே தின்றுவிடும். சிட்ரிக்கும் அரை நாள் ஊறவைக்கும் பொருள் அல்ல. முடிந்ததும் நல்ல தண்ணீரில் பத்து நிமிடம், கடைசியாக பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரு கழுவல்.

வாளி இப்போது 1 நிமிடம் 25 விநாடியில் நிறைந்தது.

கூலன்ட் நிரப்பும்போது நடக்கும் தப்பு

கோரை மட்டும் கழுவி, எஞ்சினில் பழைய தண்ணீரை விட்டுவைத்தால் மூன்று மாதத்தில் அதே இடத்துக்கு வந்துவிடுவோம். ரேடியேட்டரில் உள்ள தண்ணீரை இறக்கி, டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை ஓட்டி, ஆறவிட்டு, மறுபடி இறக்கி என்று நான்கு சுற்று ஆனது தெளிய. இந்த எஞ்சினின் மொத்தக் கொள்ளளவு 9 லிட்டர். கீழே இறக்கினால் வருவது 6 லிட்டர்தான். மீதி 3 லிட்டர் பிளாக்கிலேயே தங்கும். கழுவிய தண்ணீர் உள்ளே இருக்க, தயார்நிலையில் கலந்துவரும் 50:50 கூலன்ட்டை ஆறு லிட்டர் ஊற்றினால் கலவை 33 சதவீதமாக இறங்கிவிடும். அதனால் கலக்காத கான்சன்ட்ரேட்டை முதலில் 4.5 லிட்டர் ஊற்றி, மீதிக்கு டிஸ்டில்டு வாட்டர் என்பதே கணக்கு. ஓட்டியபின் ரிஃப்ராக்டோமீட்டர் 49 சதவீதம் காட்டியது. எந்த வகைக் கூலன்ட் என்பதற்கு நிறத்தை நம்ப வேண்டாம். கையேட்டில் உள்ள தர எண்ணைப் பார்க்க வேண்டும்.

காற்றை வெளியேற்ற, வண்டியின் மூக்கைச் சரிவில் மேல்நோக்கி நிறுத்தி, இரு பக்கமும் 'ஹை' வைத்து, பிளீடர் திருகைத் திறந்து குமிழி இல்லாமல் கூலன்ட் வரும்வரை மெல்ல நிரப்பினோம். பிறகு ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை சுற்றி நிற்கும்வரை ஓட்டம். புது மூடி, புது ஹீட்டர் ஹோஸ், புது கிளாம்ப். 1.2 பார் அழுத்தத்தில் இருபது நிமிடம் விட்டுப் பார்த்ததில் முள் அசையவில்லை. இடது கால் மிதியடிக்குக் கீழே கார்ப்பெட்டைத் தொட்டுப் பார்ப்பதையும் மறக்கக் கூடாது. கோர் ஒழுகினால் ஈரமும் இனிப்பு வாடையும் முதலில் அங்கேதான் வரும், கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்குப் போன்ற ஆவியும் படியும்.

அதே நிலையில் மறு அளவு: வலது ஓரம் 55, இடது ஓரம் 52. ஹீட்டர் குழாய்கள் 87, 78. மூன்று டிகிரி இடைவெளியைச் சரிசெய்ய இன்னும் முயல்வது வீண்வேலை. ஐந்துக்குள் இருந்தால் விட்டுவிடலாம். 600 கிலோமீட்டர் ஓடி மறுபடி வந்தபோது இடது 51. கூலன்ட்டில் லேசான கலங்கல் தெரிந்ததால் ஒருமுறை இறக்கி மாற்றப்பட்டது.

இதே போலத் தோன்றும் மற்றவை

மோட்டார்தான் குற்றவாளி என்ற வண்டிகளும் நிறையவே வருகின்றன. வெயிலில் நின்று நின்று உள்ளே பிளாஸ்டிக் பல் உடையும். சாவி திருப்பியதும் டேஷ்போர்டுக்குள் பத்துப் பதினைந்து விநாடி டிக்டிக் என்று கேட்கும். முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் போன்ற கரையோர வண்டிகளில் கனெக்டர் பின்னில் பச்சை படிந்து ஃபீட்பேக் தாறுமாறாகும். பின்னைச் சுத்தம் செய்தாலே சரியாகிவிடும், மோட்டார் வாங்க வேண்டியதில்லை. ரப்பர் தோட்டப் பக்கத்தில் இரவு நிற்கும் வண்டி என்றால் எலி கடித்த வயரைத் தேடுங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் ஒரு பக்கம் மட்டும் கோளாறு என்றால் ஃப்ளாப்பின் இரு எல்லைகளையும் பேனல் மறந்திருக்கும். ஸ்கேனரில் காலிப்ரேஷன் ஓட்டினால் போதும். கேபின் ஃபில்டர் அடைத்தால் காற்று குறையும். இடம் வலம் வெப்பம் மாறாது.

சில ஜெர்மன் சொகுசு வண்டிகளில் ஏற்பாடே வேறு. ஃப்ளாப்புக்குப் பதில் இரு பக்கத்துக்கும் தனித்தனித் தண்ணீர் வால்வு. கரண்ட் இல்லாவிட்டால் பெரும்பாலும் அவை திறந்தே இருக்கும். எனவே கனெக்டரைக் கழற்றியதும் இரு பக்கமும் சூடு வந்தால் வால்வு திறக்கிறது, தவறு கட்டளையில் இருக்கிறது.

இன்னொன்று கோளாறே இல்லை. டேஷ்போர்டு மேல் உள்ள வெயில் சென்சார் சில வண்டிகளில் இடம் வலம் பிரித்து உணரும். மார்கழி மாலையில் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் நோக்கிப் போனால் வெயில் இடது பக்கமாக விழும். ஆட்டோ மோடு அந்தப் பக்கம் மட்டும் குளிரைக் கூட்டும். நிழலில் நிறுத்திச் சில நிமிடம் பார்த்தால் இரண்டும் சமமாகிவிடும். இந்தச் சென்சாரைப் பட்டறைக்குள் சோதிக்க எல்இடி விளக்கு உதவாது, அதில் இன்ஃப்ராரெட் இல்லை. பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பை ஓரடி தூரத்தில் காட்ட வேண்டும்.

முதல் பட்டறை கழற்றிக் கொடுத்த பழைய இடது மோட்டார் வண்டியிலேயே ஒரு கவரில் இருந்தது. 9 வோல்ட் பேட்டரியில் கொடுத்துப் பார்த்தால் இரு திசையிலும் முழுத் தூரம் ஓடியது. திறந்து பார்த்ததில் ஒரு பல்லும் உடையவில்லை. இந்த மாடலில் வலது பக்கத்துக்கும் அதே பாக எண்தான். துடைத்து, கவரில் போட்டு, பத்திரமாக வைக்கச் சொல்லி உரிமையாளரிடமே திருப்பிக் கொடுத்தாயிற்று.